வீட்டில் எத்தனை தம்பதிகள்?

போன வாரம் எங்கள் பிளாக்குக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தார். கையில் செல்போன். எல்லாமே அதில்தான்.

குவார்ட்டர்ஸ் வாழ்க்கை உங்களுக்குத் தெரியாததா? ஒரு வாசலில் கேள்வி கேட்டால் நாலு வீடு எட்டிப் பார்க்கும். நானும் பார்த்தேன். எதிர்வீட்டு ஸ்டெல்லாவின் முறை. சமையல் கேஸிலா, என்ன தானியம் சாப்பிடுகிறீர்கள்... எல்லாவற்றுக்கும் டகடகவென்று பதில் சொன்னார்.

"வீட்ல கல்யாணமான தம்பதிங்க எத்தனை?"

ஸ்டெல்லா வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தார்.

காரணம் பிளாக்குக்கே தெரியும். மைன்ஸில் பெர்மனென்ட் வேலை பார்க்கும் கணவரும் அவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். பேசித்தான் ஒரு வருஷம் ஆகிறது. கணவர் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்து முன்னறையில் படுத்துக்கொள்வார். குவார்ட்டர்ஸ் அவர் பேரில். இவர் எங்கே போவார்?

"ஒண்ணுன்னு போடுங்க டீச்சர்" என்றார் பக்கத்து வீட்டு கலா அக்கா. மாடிவீட்டுக்காரர் விடுவாரா? "அதெப்படிங்க? ஒரே வூட்ல இருந்துகினு மொகம் குடுத்துப் பேசறதில்லையே!"

"இதுக்குக் கட்டாயம் பதில் சொல்லணுமா டீச்சர்?" — ஸ்டெல்லாவின் குரல் நடுங்கியது.

எனக்குத் தாங்கவில்லை. அன்று காலைதான் படித்திருந்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டில் சட்டமே போட்டுவிட்டார்களாம் — கணக்கெடுப்பில் அந்தரங்கமான கேள்விகளுக்கு இஷ்டமிருந்தால் பதில் சொன்னால் போதும் என்று. அதை உரக்கச் சொன்னேன்.

"நமக்கு அப்படி எதுவும் சொல்லலைங்க சார்" என்றார் டீச்சர், பாவமாக.

"அவ ஒண்ணும் சொல்ல வேணாங்க. நாங்கதான் சொல்லிக்கினு இருக்கோமே!" என்றார் கலா அக்கா.

எனக்கு ஒரே குழப்பம். சட்டம் வந்தால் மட்டும் என்ன? எல்லோரும் 'ஒன்று' என்று சொல்லும் பிளாக்கில் ஒருத்தி மட்டும் சொல்ல மாட்டேன் என்றால், அதுவே பதிலாகிவிடாதா?

அப்போது உள்ளேயிருந்து கணவரின் குரல். "ஒண்ணுன்னு போட்டுக்குங்க."

டீச்சரின் விரல் செல்போனை நோக்கிப் போனது.

"நான் இன்னும் பதில் சொல்லல டீச்சர்" என்றார் ஸ்டெல்லா. இப்போது குரலில் நடுக்கம் இல்லை.

டீச்சர் விரலை எடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கொஞ்சம் உள்ள போறீங்களா?"

போனோம். கதவையும் சாத்திக்கொண்டோம்.

ஸ்டெல்லா என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் நியாயம். அந்தச் சட்டம் இங்கேயும் வர வேண்டும் என்று வாதாடுகிற ஆள் நான்.

அப்புறம் எதற்காக, உள்ளே போனதும் டிவி சத்தத்தைக் குறைத்தேன்?