ஓதின தண்ணீர்

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேர் நான் பெற்றவர்கள். ஏழாவது, என் மூத்த மகள் விட்டுப்போன பெண்பிள்ளை. அந்த மகளைப் பற்றி ஊரில் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் வகுப்போடு நின்ற கை, மெதுவாகத்தான் போகும்.

தொண்ணூறுகளில் ஒரு மாரி. கல்முனைக் கடற்கரைப் பக்கம் வெள்ளம் ஏறி, கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றாகிவிட்டன. வெள்ளம் வடிந்ததும் வாந்திபேதி வந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி இரைந்தாலே, இன்று யாருடைய மௌத்தோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். கொதிக்க வைத்தோம். சோற்றுக்கு, குடிக்க, பிள்ளைக்கு வாய் கழுவ, எல்லாவற்றுக்கும்.

ஒன்றைத் தவிர. அசர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் போத்தல்களில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிப் பள்ளிக்கு அனுப்புவோம். பள்ளியில் தொழுகை நடத்தும் லெப்பை, குர்ஆனின் யாசீன் சூராவை ஓதித் தண்ணீரில் ஊதித் தருவார். அந்த நாட்களில் எங்களுக்கு இருந்த தைரியம் அதுதான். அதை யாரும் அடுப்பில் ஏற்றவில்லை.

நான் மகளிடம் சொல்லிப் பார்த்தேன்.

“அதையும் ஒரு கொதி கொதிக்க வையன் புள்ள.”

“யாசீன் ஓதின தண்ணிக்குக் கீழ நெருப்ப வைக்கயா? என்னும்மா, பரிசோதகர் ஒங்களயும் கொதிக்க வெச்சிட்டுப் போயிட்டாரா?”

சிரித்துக்கொண்டே குடித்தாள். பால் கொடுக்கிறவள், பிள்ளைக்கும் ஓதினதன் பறக்கத் சேரட்டும் என்று பெரிய கோப்பையில் குடித்தாள்.

அடுத்த நாள் காலையில் அவளுக்குத் தொடங்கியது. ஆசுபத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். என்ன தண்ணீர் குடித்தாள் என்று தாதி கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். அவள் பக்கத்திலிருந்த இன்னொரு தாதியிடம், “எத்தன தரம் சொல்ற? படிக்காத சனம்” என்றாள். மகள் கண்ணை மூடியிருந்தாள். அது அவள் காதில் விழவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மறுநாள் நடுப்பகல், லுஹர் பாங்கு சொல்லும்போது அவள் மூச்சு நின்றது.

என் கையால்தான் குளிப்பாட்டினேன். கபன் துணி சுற்றி அடக்கிய பிறகு லெப்பை எங்கள் வாசலுக்கு வந்தார்.

“வயித்து நோயில மௌத்தானவ அல்லாஹ்ட பாதையில உசிரு குடுத்த ஷஹீதுட கூட்டத்துல, ராத்தா. அழாதீங்க.”

“ஓதின தண்ணியக் கொதிக்க வைக்கிறது குத்தமா?” என்று கேட்டேன்.

“குத்தமில்ல. கொதிக்க வெச்சு ஆறினதக் கொண்டு வந்திருந்தாலும் ஓதித் தந்திருப்பனே. ஒருத்தரும் கேக்கல்லயே.” தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். “நானும் சொல்லல்ல, ராத்தா.”

அதன் பிறகு எங்கள் தெருப் போத்தல்கள் கொதித்து ஆறித்தான் பள்ளிக்குப் போயின. சில போத்தல்கள் இளஞ்சூடாகவே போனதும் உண்டு.

அவள் ஷஹீத் என்பதை முழுதாக நம்புகிறேன். அந்தச் சொல் இல்லாவிட்டால் நான் எழுந்து நடமாடியிருக்க மாட்டேன். ஆனாலும் பிள்ளை பால் தேடி என் வெறும் நெஞ்சில் முகத்தை உரசி அழுதபோது, நம்பிக்கொண்டே நானும் அழுதேன். அதில் அல்லாஹ்வுக்குக் கோபம் வந்திருக்காது.

பொறுக்காதது ஊர்ப் பேச்சுத்தான். “தண்ணி கொதிக்க வைக்கத் தெரியாமச் செத்தவ” என்று கலியாண வீட்டில் சோறு தின்றுகொண்டு சொல்கிறார்கள். என் மகளுக்குத் தெரியும். அடுப்பில் அவள் ஏற்றாத தண்ணீர் அது ஒன்றுதான். அதைத் தெரியாமை என்று சொல்ல நான் விடமாட்டேன். அது அவள் கொடுத்த மரியாதை.

அவள் பெற்ற பிள்ளை இப்போது என் பக்கத்தில் இருக்கிறாள். எழுதின தாளை அவளிடம் நீட்டுகிறேன்.

“இந்தா புள்ள, சத்தமா வாசி. உன்ட உம்மாவ மடச்சி எண்டு நினைக்க வைக்கிற ஒரு சொல்லு இரிந்தாலும் நிப்பாட்டு. வெட்டிப் போடுவம்.”