விட்டுவிடச் சொன்ன நான்கு கிணறுகள்

ஜெர்மனிக்குப் போக விமான டிக்கெட் எடுக்க வேண்டிய வாரத்தில்தான் எங்கள் ஊர் கல்குவாரி மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

நான் அப்போது புதுக்கோட்டையில் எம்.எஸ்ஸி. கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் போர்வெல்களிலும் தண்ணீர் எடுத்து, பாறைக்கடியில் ஓடும் நீர் எங்கிருந்து வருகிறது, என்னென்ன சுமந்து வருகிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. அதற்கு வேண்டிய கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு என் ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் எழுதிப் போட்டார். கோடை விடுமுறையில் வந்து இன்டர்ன்ஷிப்பாகச் செய்துகொள்ளலாம், தங்க இடம் தருகிறோம், பயணச் செலவை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது எங்கள் ஊர் கல்குவாரி முதலாளியின் டிரஸ்ட். அவர் ஒன்றும் பெயருக்குத் தர்மம் செய்கிறவர் இல்லை. சுற்றுவட்டாரத்தில் நர்சிங் படித்த பெண்கள், சென்னையில் பயிற்சிக்குப் போன பையன்கள் என்று பலரை அவர் படிக்க வைத்திருக்கிறார். என் அப்பா அவரிடம்தான் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளி ஒத்துக்கொண்ட அன்று அப்பா யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மேனேஜரின் அறையில் ஏசி ஓடியது. மேஜைமேல் என் ஆய்வுக்கான வரைபடம் விரித்துக் கிடந்தது. டிரஸ்ட் கேட்டதால் மேடம் அனுப்பிவைத்த பிரதி அது. குவாரியை ஒட்டிய நான்கு கிணறுகளைச் சுற்றி யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

"உக்காரு பாப்பா. டீ சொல்லவா?"

"வேணாங்க சார்."

"இந்த நாலு கிணறும் ஒனக்குக் கட்டாயம் வேணுமா?"

எனக்கு உடனே புரியவில்லை. "அதுதாங்க சார் குவாரிக்குப் பக்கத்துல இருக்கறது. தூரத்துல உள்ளதோட ஒப்பிட்டுப் பாக்கணும்."

"அதைத்தான் சொல்றேன். ஊர்ல வேற கிணறே இல்லையா? அங்கிட்டு கம்மாய்ப் பக்கம் எத்தனையோ கெடக்கு. இந்த நாலை மட்டும் விட்டுரு. ரிப்போர்ட்ல இதைப் பத்தி ஒரு வரி வேணாம். டிக்கெட் நாளைக்கே போட்டுரலாம்."

"தண்ணி கெட்டுப்போயிருக்குன்னு நான் சொல்லலைங்களே சார். இன்னும் சோதனையே பண்ணலை."

"பண்ணிட்டு என்ன வரும்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குவாரி லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம் பாப்பா. வெளிநாட்டு ஆபீஸ்லேர்ந்து ஒரு பேப்பர் வந்தா யாருக்குத் தலைவலி?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. கடைசியில், "அப்பாகிட்ட கலந்து பேசிட்டுச் சொல்லு. அவரு நம்ம ஆளு" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நேரே திருக்கோகர்ணத்தில் இருந்த மேடத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். சொன்னதைக் கேட்டு எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தார். அவர் கோபப்படுவார், போன் போட்டுச் சத்தம் போடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் வரைபடத்தை எடுத்து விரித்து அந்த நான்கு கிணறுகளையும் பார்த்தார்.

"அந்த நாலு இல்லேன்னா மிச்சத்தை வெச்சு ஒரு ஆய்வு எழுதலாம். எழுத முடியாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது நீ கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல."

"நான் என்ன மேடம் பண்றது?"

"எனக்கு மாசமானா சம்பளம் வருது. ஒங்க அப்பா வேலை அங்க இருக்கு. நான் ஒனக்கு இதைச் செய்னு சொல்ற எடத்துல இல்லம்மா."

அந்தப் பதில் அன்றைக்கு எனக்கு ஆத்திரமாக வந்தது. யாராவது ஒருவர் எனக்காக முடிவெடுத்துவிட மாட்டார்களா என்று இருந்தது.

வீட்டில் அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் ஷிப்ட் முடிந்து வந்துவிட்டார். இருவரிடமும் சேர்த்தே சொன்னேன்.

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "விட்டுட்டுப் போ. நாலு கிணறுதானே? அவங்க என்ன ஒன்ன பொய் எழுதவா சொல்றாங்க? எழுதாதேங்கிறாங்க. அம்புட்டுத்தான்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"எனக்கு ஒண்ணு இல்ல. நம்ம தெருவுல பிளேன் ஏறுன பொம்பளப்புள்ள யாராச்சும் இருக்கா?"

அப்பா சட்டையில் ஒட்டியிருந்த கல்தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அந்த நாலு கிணத்துத் தண்ணியும் எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சுப்பா. காலேஜ் பிரிட்ஜ்ல இருக்கு."

"அதுல ஒண்ணு ஒங்க பெரியப்பா கிணறு. அவங்க வீட்டுல அதத்தான் குடிக்கிறாங்க." கொஞ்சநேரம் கழித்து, "நீ என்ன சொன்னாலும் நான் அங்க கைகட்டி நிக்கணும். அதுக்காக நீ யோசிக்காத. எனக்கு ஹெவி லைசென்ஸ் இருக்கு ஆத்தா, எங்க போனாலும் லாரி ஓட்டிக்குவேன்" என்றார்.

மறுநாள் மேனேஜருக்குப் போன் செய்து, கிணறுகளை விட முடியாது என்றேன். "சரி பாப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். டிரஸ்டிலிருந்து அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஜெர்மனி ஆய்வகத்துக்கு வர இயலவில்லை என்று எழுதினேன். அவர்களும் மரியாதையாகவே பதில் எழுதினார்கள். என் இடத்துக்கு வேறொரு நாட்டு மாணவரை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அப்பா வேலைக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்தார். அவர் ஓட்டுகிற வண்டி சர்வீஸுக்குப் போகிறதாம், சொல்லியனுப்புகிறோம் என்றார்களாம். அந்த வண்டி மறுநாளே எங்கள் வீட்டு வழியாகப் போனது. வேறொருவர் ஓட்டினார். வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்ததும் அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் இயல்பாகப் பேசவில்லை. அப்பா செங்கல் லோடுக்கும் வைக்கோல் லோடுக்கும் போனார். சில நாள் எதுவும் கிடைக்காது. அம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. அவள் சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். யாராவது வந்து, "ஏன், ஒங்க மக வெளிநாடு போகலையா?" என்று கேட்டால், "விசா லேட்டாகுது" என்பாள். அந்த விசா என்றும் வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

மேடம் திருச்சியில் ஓர் ஆய்வகத்தில் தெரிந்தவர்களிடம் பேசி எனக்கு இடம் வாங்கினார். சிறிய உதவித்தொகையும் உண்டு. தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். ஜெர்மனியில் செய்யவிருந்த சோதனைகளில் பாதியைத்தான் அங்கே செய்ய முடியும். நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். அது போதும் என்று தொடங்கினேன்.

குவாரி ஓரத்து நான்கு கிணறுகளையும்தான் முதலில் சோதித்தேன். என் அப்பாவின் வேலையைப் பறித்த தண்ணீர் அது. அதில் விஷம் இருக்க வேண்டும் என்று என்னையறியாமல் ஒரு ஆசை எழுந்ததை நான் கவனித்தேன். அதைக் கண்டு பயந்துபோய், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்தேன். இரண்டு தடவையும் ஒரே விடைதான் வந்தது. நான்கிலும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாகவே இருந்தது.

கெட்டிருந்தது வேறொன்று. குவாரிக்கு நேரெதிர்த் திசையில், ஊர்த் தொடக்கப்பள்ளியை ஒட்டிய அடிபம்பு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் நான் எடுத்த தண்ணீர். அதில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளூரைடு மிக அதிகம். குவாரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆழத்துப் பாறையிலிருந்து தானாக வருவது அது என்றார்கள் ஆய்வகத்தில். அந்தத் தெருப் பிள்ளைகளின் பற்களில் இருந்த பழுப்புக் கறை எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானே அந்தப் பள்ளியில் படித்தவள். அந்தக் கறையைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அது அந்தக் குடும்பங்களின் வாகு என்று நினைத்திருந்தேன்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் விவரம் கொடுத்தோம். அதிகாரிகள் வந்து தாங்களும் சோதித்துவிட்டு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அன்று மாலை அந்தத் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"படிச்சுட்டு வந்து கொழாயப் புடுங்கிட்டுப் போயிட்டியே, இப்ப நாங்க எங்கிட்டுப் போறது?" என்றாள் ஒரு அக்கா. இடுப்பில் குழந்தை வைத்திருந்தாள். "இத்தன வருசம் குடிச்சோம், செத்தா போயிட்டோம்?"

நான் சொன்ன விளக்கம் எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை. அம்மாதான் முன்னால் வந்தாள். அத்தனை மாதமாக என்னோடு சரியாகப் பேசாதவள். "எம்மவ ஒங்க புள்ளைக பல்லுக்குத்தான் சொன்னா. வாங்க, எல்லாருமாப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போவோம்" என்று அவளும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவர்கள் இரண்டு வாரம் அலையாய் அலைந்தார்கள். பிறகு பெரியப்பாவின் கிணற்றிலிருந்து பைப் போட்டு அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்தது.

அதற்குப் பிறகுதான் முதலாளி கூப்பிட்டார். அப்பாவையும் அழைத்துக்கொண்டு வரச் சொன்னார். அதற்குமுன் நான் அவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கைத்தறி வேட்டி, வெற்றுக் கை, மோதிரம்கூட இல்லை. எங்களை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மேனேஜர் மேல கோபப்படாதம்மா. நான்தான் கேக்கச் சொன்னேன்" என்றார். "பஞ்சாயத்துல நீ குடுத்த ரிப்போர்ட்டப் பாத்தேன். நல்லபடியாத்தான் எழுதியிருக்க. இப்ப ஜெர்மனி போறியா? நான் அனுப்பறேன். அப்பாவும் வண்டிக்கு வரட்டும்."

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வாய் கேட்டுவிட்டது. "ஐயா, தண்ணி கெட்டுப்போயிருக்குன்னு நான் எழுதியிருந்தா, இன்னைக்குக் கூப்புட்டிருப்பீங்களா?"

அப்பா டம்ளரை மேஜைமேல் வைத்தார். முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே கல் உடைக்கும் கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

"கூப்புட்டிருக்க மாட்டேம்மா" என்றார் கடைசியில்.

அவர் பொய் சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. "அப்ப எனக்கு வேணாங்க ஐயா. நான் வருசாவருசம் அந்தக் கிணத்துத் தண்ணியச் சோதிக்கணும். ஒங்க காச வாங்கிட்டா அது நடக்காது" என்றேன். அவர் தலையசைத்தார். அப்பாவைப் பார்த்து, "திங்கக்கெழமை வண்டிக்கு வந்துரு" என்றார்.

திரும்பி வரும்போது பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு அப்பா இறங்கினார். "அவருகிட்டயே அப்படிக் கேட்டுட்டியே ஆத்தா" என்றார். திட்டுவார் என்று பார்த்தேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் வண்டியை எடுத்தார்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார். எனக்கு அது உறுத்தியது. அவருக்கு உறுத்தவில்லை. டிரஸ்ட் அடுத்த ஆண்டு எங்கள் கல்லூரியில் எனக்கு ஜூனியரான ஒரு பெண்ணை ஜப்பானுக்கு அனுப்பியது. அவள் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி ஆய்வு செய்கிறாள். ஏர்போர்ட்டில் எடுத்த போட்டோவை அவள் அனுப்பியபோது வாழ்த்துச் சொல்லிவிட்டு, கொஞ்சநேரம் போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

இப்போது திருச்சியில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். அரசு உதவித்தொகை ஒன்றுக்கு விண்ணப்பித்து நேர்காணலும் முடிந்துவிட்டது. கிடைத்தால் அதே ஜெர்மனி ஆய்வகம்தான். பதில் இன்னும் வரவில்லை. அம்மா தினமும் போனில் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறாள். யாராவது விசாரித்தால் இப்போதெல்லாம் விசாவைச் சாக்குச் சொல்வதில்லை, இன்னும் முடிவு தெரியவில்லை என்றே சொல்லிவிடுகிறாளாம்.