இருநூற்றுப் பன்னிரண்டு யாருடைய எண்?

ராக்னா ஓவர்கோ பிறந்தபோது அவள் எடை மூன்று கிலோ தொள்ளாயிரம். அவளுக்குப் பதினொரு நிமிடம் முன்னால் பிறந்த வில்லாஸ் இரண்டு கிலோ நூறு. இந்த இரட்டையரின் எடையைக் குறித்த தாதிக்குச் சந்தேகம் வந்து, இரண்டு பேரையும் மறுபடி தராசில் வைத்துப் பார்த்தாள். எடை மாறவில்லை. அதற்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகள் அந்த வீட்டில் எல்லாம் அப்படியே நடந்தது. பாரம் தூக்குவது ராக்னா, முதலில் போவது வில்லாஸ்.

குளியலறைக்கு, காரின் முன் இருக்கைக்கு, பிறந்தநாள் கேக்குக்கு என எதற்கும் அவன்தான் முதலில். பல் மருத்துவரிடம் மட்டும் தங்கைக்கு வழிவிடுவான். "நான் மூத்தவன்" என்பான். ஆறு வயது மூத்த அண்ணன் தோர்கில் பக்கத்திலேயே நிற்கும்போதும் கூசாமல் சொல்வான்.

பதினாறு முடிந்ததும் ராக்னா ஹோல்கரின் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தாள். மோர்ஸ் தீவின் டிராக்டர், அறுவடை எந்திரம், மட்டிப் படகில் வலை இழுக்கும் வின்ச் என உடைந்த இரும்பு எல்லாம் அங்கேதான் வரும். இரண்டாம் மாதத்திலேயே அவள் வைத்த வெல்டிங்கை ஹோல்கர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் வாயிலிருந்து ஒன்றும் வராததே பெரிய பாராட்டு. ஆனால் வந்து போகிறவர்கள் வாயை மூடவில்லை. "ஏம்மா இந்த வேலைக்கு வந்த?" "முடியை ஏன் வெட்டிக்கிட்ட?" முதல் மாதத்தில் மட்டும் முப்பத்தொன்பது பேர் கேட்டார்கள். பட்டறைக் கதவின் உட்புறம் அவள் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணியிருந்தாள்.

அதே வாரம் வில்லாஸ் பேக்கரியில் சேர்ந்தான். ஏன் சேர்ந்தாய் என்று ஒருவர்கூட அவனைக் கேட்கவில்லை. பன் சூடாக இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

இருவருக்கும் பதினெட்டு ஆனபோதுதான் டென்மார்க்கில் அந்தப் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பையன்கள்தான் உருளைக்குள் கைவிட்டு எண் எடுக்க வேண்டும். சிறிய எண் வந்தவன் பெட்டியைக் கட்டுவான், பெரிய எண் வந்தவன் வீட்டுக்குப் போவான். பெண்கள் ஆசைப்பட்டால் கையெழுத்துப் போட்டுச் சேரலாம், அவ்வளவுதான். இனிமேல் பெண்களும் கைவிட வேண்டும். எண் வந்தால் பதினொரு மாதம் ராணுவம்.

பட்டறையில் காபி நேரத்தில் ஹோல்கர் கோப்பையை அடித்து வைத்தார்.

"பொண்ணுங்கள இழுத்துக்கிட்டுப் போறது தப்பு. ஆசைப்பட்டாப் போகட்டும், யாரு வேணாங்கறா? கட்டாயம் எதுக்கு?"

"ஆசைப்பட்டுப் போனா என்ன ஆகும் தெரியுமா முதலாளி?"

"என்ன ஆகும்?"

"நீங்க ஏன்னு கேப்பீங்க."

"கேட்டா என்ன? பதில் சொல்லு."

"நீங்க போனப்போ உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

ஹோல்கர் யோசித்தார். "எண் வந்துச்சு, போனேன். இதுல கேக்க என்ன இருக்கு?"

"அதத்தான் நானும் சொல்றேன்," என்று ராக்னா முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங்குக்குத் திரும்பினாள்.

அவளுக்குப் போக வேண்டும் என்று ஆசை இருந்தது. கவச வண்டியின் அடிவயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும், தீவை விட்டு ஒரு வருடமாவது வெளியே இருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். "ஆசைன்னா கையெழுத்தப் போட்டுட்டுப் போயேன்," என்றாள் அம்மா. அண்ணனும் அதையே சொன்னான்.

"கையெழுத்துப் போட்டா நான் ஆசைப்பட்ட பொண்ணு. எண் வந்தா அவங்க கூப்பிட்ட ஆளு. ரெண்டும் வேற அண்ணே. ஒரே ஒரு தடவ, யாரும் ஏன்னு கேக்காம ஒரு இடத்துக்குப் போய்ப் பாக்கணும்."

ஆகவே சின்ன எண் வர வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். வில்லாஸ் வேறு மாதிரி. பள்ளிக்கூட விவாதத்தில் "சமம்னா சமம், பொண்ணுங்களும் எண் எடுக்கட்டும்" என்று மேசையைத் தட்டிப் பேசிக் கைதட்டு வாங்கியவன் அவன். அந்த எண் தன் கைக்கும் வரக்கூடும் என்பது மட்டும் அவன் கணக்கில் இல்லை.

ராணுவ அழைப்பில் குறித்திருந்த நாளில் தோர்கில் லீவு போட்டு இருவரையும் ஆல்போர்குக்குக் காரில் கூட்டிப் போனான். காலை ஆறு இருபதுக்குக் கிளம்பி, மழையில் தொண்ணூறு கிலோமீட்டர். ஈரல் விழுது தடவிய கறுப்பு ரொட்டி ஆளுக்கு நான்கு. வில்லாஸ் தன் பங்கைத் தொடவில்லை.

காது, கண், முதுகு என்று எல்லாச் சோதனையும் நடந்தது. பாதம் தட்டை, ராணுவத்துக்கு ஆகாது என்று வில்லாஸ் தானாகவே முன்வந்து சொன்னான். மருத்துவர் இரண்டு பாதங்களையும் திருப்பிப் பார்த்து, "பாடப்புத்தகத்துல போடலாம், அவ்வளவு நல்ல பாதம்," என்றார். ராக்னா தேறியதைச் சொல்லவே வேண்டாம். பிடியின் பலத்தை அளக்கிற கருவியில் அவளுக்கு முன்னால் அமுக்கிய ஏழு பையன்களும் மறுபடி அமுக்கிப் பார்த்தார்கள்.

கடைசியில் உருளை. பெயர் வரிசைப்படி நிறுத்தியிருந்தார்கள். ராக்னா ஓவர்கோ, அவளுக்குப் பின்னால் வில்லாஸ் ஓவர்கோ. அவள் முறை வந்து கையை நீட்டப் போனாள். அந்த நேரத்தில் பதினெட்டு வருடப் பழக்கம் அவனை முன்னே தள்ளியது.

"நான் மூத்தவன்," என்று அவளை இடித்துக்கொண்டு முன்னால் போய்க் கையை விட்டான்.

உருளைக்குப் பக்கத்தில் இருந்த அதிகாரி அம்மாள் தோளைக் குலுக்கினாள். யார் முதலில் எடுத்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

வில்லாஸ் எடுத்தது இருநூற்றுப் பன்னிரண்டு. ராக்னா எடுத்தது முப்பத்து நாலாயிரத்து எண்ணூற்று எழுபது.

"விடுதலை எண்! வாழ்த்துக்கள்!" என்று அதிகாரி ராக்னாவின் கையைக் குலுக்கினாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவள் போல ராக்னா கையைக் கொடுத்தாள். வில்லாஸ் ஈஸ்ட் போடாத மாவு போல நாற்காலியில் சரிந்தான்.

திரும்பும் வழியில் நாற்பது கிலோமீட்டர் தாண்டினார்கள். பிறகு பின் இருக்கையிலிருந்து வில்லாஸின் குரல் வந்தது. அன்று முன் இருக்கை வேண்டும் என்று அவன் கேட்கவில்லை.

"ராக்னா..."

"ம்."

"எண்ண மாத்திக்கலாமாம். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுத் தாளை நிரப்பிக் குடுத்தாப் போதுமாம். பின்பக்கம் போட்டிருக்கு."

"படிச்சேன்."

"உனக்குப் போகணும். எனக்கு... பேக்கரியில வேல இருக்கு. பேசி முடிச்சுக்கலாமே."

"மாத்திக்கிட்டா ஊரு என்ன கேக்கும்? விடுதலை எண் கையில இருந்தும் ஏன் போறன்னு கேக்கும். கையெழுத்துப் போட்டுப் போறவள ஒரு தடவதான் கேப்பாங்க. என்னைய ரெண்டு தடவ கேப்பாங்க. வேணாம்ப்பா."

"எனக்காக..."

"பதினொரு மாசம்தான்டா. உனக்குப் பாதம் வேற நல்லா இருக்கு."

தோர்கில் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். அவன் எதையும் வரிசையாக நினைத்துப் பார்க்கிற ஆள்.

"ஒரு சந்தேகம். ராக்னா, வில்லாஸ். பட்டியல்ல யாரு முதல்ல?"



"நான் மூத்தவன்," என்றான் வில்லாஸ், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல.

"பட்டியல்ல பொறந்த நேரம் கிடையாது. பேருதான்."

ராக்னா மெதுவாகத் திரும்பினாள். "அப்ப அந்த இருநூத்திப் பன்னெண்டு என்னோடது! டேய், என் எண்ணத் திருடிட்டியேடா!"

"எடுத்துக்கோ! இப்பவே எடுத்துக்கோ!" என்று அவன் தாளை இருக்கைகளுக்கு நடுவே நீட்டினான்.

"ஆனா ரெண்டு பேருக்கும் நடுவுல உருளையச் சுத்துனாங்களா? சுத்தியிருந்தா எது யாருக்கு வந்திருக்கும்னு சொல்ல முடியாதே." என்று தோர்கில் கேட்டான். யாரும் கவனித்திருக்கவில்லை. கவனித்ததாகச் சொல்ல யாருக்கும் விருப்பமும் இல்லை.

அகர்சுன் பாலத்தைத் தாண்டுவதற்குள் ராக்னா முடிவு செய்துவிட்டாள். தனக்கு வர வேண்டிய எண் கிடைத்தால் அது ஆசைப்பட்டுப் போவது ஆகாது. அதில் அவளுக்கு இப்போது சந்தேகமே இல்லை. ஆனால் திருடியவனிடம் அதை உடனே சொல்வதா?

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

பன்னிரண்டு நாள் யோசித்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் காலையில் பேக்கரியிலிருந்து பட்டறைக்குச் சூடான இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி வந்தது. ஹோல்கருக்கும் ஒன்று சேர்த்து வந்ததால் அவர் சட்டத்தைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டார். அவள் சைக்கிள் சங்கிலிக்கு யாரோ எண்ணெய் போட்டிருந்தார்கள். குளியலறை வாசலில் வில்லாஸ் துண்டோடு ஒதுங்கி நின்று, "நீ போ, நீ போ," என்றான். அம்மா அவன் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

பதின்மூன்றாம் நாள் அவள் நிபந்தனை சொன்னாள்.

"மாத்திக்கலாம். ஆனா யாரு ஏன்னு கேட்டாலும் உன்கிட்ட அனுப்புவேன். நீதான் பதில் சொல்லணும். 'அவ ஆசப்பட்டா, அடம்புடிச்சா'ன்னு என் தலையில போடக் கூடாது."

"அவ்வளவுதானா?" என்றான் வில்லாஸ். மலிவாக முடிந்தது என்ற சந்தோஷத்தில் அவளைக் கட்டிப் பிடித்தான்.

தாளை அனுப்புவதற்கு முன் தோர்கில் ராணுவ அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, அண்ணனும் தங்கையும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுத் தெளிவு செய்துகொண்டான். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "ஆண் பொண்ணுன்னு எதுவும் போடல. எண்ணுன்னுதான் போட்டிருக்கு," என்றது குரல். நான்காம் வாரம் மாற்றம் உறுதியாகிக் கடிதம் வந்தது.

செய்தி தீவில் பரவ இரண்டு நாள் ஆனது. பட்டறைக்கு வந்த முதல் ஆள் வாயைத் திறந்ததுமே ராக்னா சுத்தியலால் பேக்கரி இருந்த திசையைக் காட்டினாள். "அங்க கேளுங்க." இரண்டாம் ஆளுக்கும் அதேதான். நாலாம் நாளுக்குள் பேக்கரியில் வியாபாரம் கூடியது.

வில்லாஸ் முதலில் பாதம் தட்டை என்றான். அவன் ஊர் மண்டபத்தில் விடிய விடிய ஆடியதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். புளிக்க வைத்த மாவை விட்டுவிட்டுப் போக முடியாது என்றான். பேக்கரிக்காரர் உள்ளேயிருந்து, "நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா," என்று கத்தினார். முதுகு என்றான், கண் என்றான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் காபியில் பெண்கள் நான்கு காரணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ஐந்தாவதைக் கேட்க வந்தார்கள்.

"எப்படித் தாங்குன நீ?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "ரொட்டி வாங்க வரவன்கூட முதல்ல ஏன்னு கேட்டுட்டுத்தான் ரொட்டி கேக்கறான்."

"பழகிடும்," என்று ராக்னா உருளைக்கிழங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் கரண்டி இப்போது அவளுடையது.

பிப்ரவரியில், கிளம்புவதற்கு முந்தைய நாள், அவள் பயணத்துக்கு ரொட்டி வாங்கப் போனாள். வரிசையில் அவளுக்கு முன்னால் எழுபத்தெட்டு வயது கிர்ஸ்டினே நின்றிருந்தார். தீவில் இன்னும் கேட்காமல் பாக்கி இருந்தவர் அவர் ஒருவர்தான். இடுப்பு அறுவை சிகிச்சைக்காக இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டார்.

"ஏம்மா ராக்னா, நீ எதுக்கு..." என்று அவர் ஆரம்பித்தார்.

ராக்னா மோவாயால் கல்லாவில் நின்ற வில்லாஸைக் காட்டினாள்.

கிர்ஸ்டினே திரும்பினார். "சரி, நீயே சொல்லுப்பா. நீ ஏன் போகல?"

வில்லாஸ் பாதத்தைப் பார்த்தான். மாவுத் தொட்டியைப் பார்த்தான். அவனிடம் காரணம் தீர்ந்துபோயிருந்தது.

"பயமா இருந்துச்சு, கிர்ஸ்டினேம்மா," என்றான்.

கடையில் இருந்த ஐந்து பேரும் கல்லாப் பக்கம் திரும்பினார்கள்.  பன்னிரண்டு நாள் இனிப்புச் சுருள் தின்றதற்கு ராக்னாவுக்கே முதல்முறையாக வெட்கமாக இருந்தது.

"அடப்பாவி, இதுக்கா இத்தன நாளு இழுத்த?" என்றார் கிர்ஸ்டினே. "எங்க வீட்டுக்காரரு எண் எடுத்த அன்னிக்கு வைக்கோல்போர்ல ஒளிஞ்சிருந்தாரு. எங்க மாமியார்தான் கால்ல புடிச்சு இழுத்தாங்க. ஒரு கறுப்பு ரொட்டி குடு."

வில்லாஸ் ரொட்டியை எடுக்கத் திரும்பினான். அவன் தோள் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

கிர்ஸ்டினே கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு ராக்னாவை மேலும் கீழும் பார்த்தார். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் கிரீஸ், ஒட்ட வெட்டிய முடி. அந்தப் பார்வையை ராக்னா நன்றாக அறிவாள். அடுத்து 'ஏன்' வரும் என்று காத்து நின்றாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு பஸ்?"

"ஆறு பத்துக்கு," என்றாள் ராக்னா.

கிர்ஸ்டினே தலையை ஆட்டிவிட்டு, ரொட்டியை மெல்லிசாக வெட்டச் சொன்னார்.