வைன் திருவிழாவுக்குக் காகம் வந்த கதை

டமார்...!

அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது. கொதிக்கிற எண்ணெய் மணமும், பிழிந்த திராட்சையின் புளித்த வாசமும் அதோடு சேர்ந்தே வரும்.

சத்தம் கேட்டதும் நானும் என் மனைவி வதனியும் மேசைக்கு அடியில். யாழ்ப்பாணத்துச் சண்டைக்காலப் பழக்கம். பாரிஸ் வந்து எத்தனையோ வருடமாகியும் உடம்பு மறக்கவில்லை. மெல்லத் தலையை நீட்டிப் பார்த்தால், ஊர்ச்சனம் முழுக்கக் கையில் வைன் கிண்ணத்தோடு எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறது!

பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"தோட்டத்திலை குருவி, காகம் கலைக்கிற மிசினாம்" என்றேன் வதனியிடம்.

"அதுக்கு இந்தச் சத்தமே? அறுவான்கள்!" என்று உடுப்பைத் தட்டிக்கொண்டு எழும்பினாள்.

அது வைனுக்குப் பேர்போன பூர்கோன் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நான் வேலை செய்த ரெஸ்டோரன்ட் முதலாளியின் சொந்த ஊர். திராட்சை வெட்டு முடிகிற சமயம் அங்கே வைனும் சாப்பாடுமாக இரண்டு நாள் திருவிழா. என் மதியச் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து வதனியின் மட்டன் ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டுப் பழகிய முதலாளிதான், அங்கே அவளுக்கு ஒரு கடை போட இடம் பிடித்துத் தந்தார்.

சும்மா கிடைக்கவில்லை. திருவிழாக் கமிட்டியில் மிஷேல் என்று ஒரு வைன்காரர், "உறைப்புச் சாப்பாடு வந்தால் எங்கள் வைனின் ருசி செத்துப்போகும்" என்று ஒற்றைக்காலில் நின்றாராம். கடைசியில், முதல் நாள் பார்ப்போம், சனம் வராவிட்டால் அன்றோடு சரி என்று முடிவு.

வதனிக்கு அது வெறும் கடை இல்லை. மற்றவர்களின் குசினியில் பாத்திரம் கழுவியே வருடங்களைப் போக்கியவள். தன் பெயரில், தன் கையால் சமைத்து விற்க வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை.

புறப்படுவதற்கு முன்தினம், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சாமான் வாங்கினோம். அந்தக் கடையின் சுவரில் தொங்கிய தமிழ் கலண்டரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னப்பா... நாளைக்குப் புரட்டாதிச் சனியெல்லே!"

போச்சு.

"மச்சம் மாமிசம் கையாலை தொடமாட்டன். ரோல்ஸ் ஞாயிற்றுக்கிழமை போடுவம். நாளைக்கு உழுந்து வடைதான்."

இறைச்சியும் வைனுமாகக் கொண்டாடுகிற ஊருக்கு, ரோல்ஸ் என்று சொல்லி இடம் வாங்கிவிட்டு, வடையோடு போய் இறங்கினோம்! குப்பைத்தொட்டிக்குப் பக்கத்து மூலையில்தான் இடம். வந்தவர்கள் எட்டிப் பார்த்து, இறைச்சி இல்லையா என்று கேட்டு, சிரித்தபடி அடுத்த கடைக்குப் போனார்கள்.

அதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. வதனி விரதம். காகத்துக்கு எள்ளுச்சோறு வைத்து, அது சாப்பிட்ட பிறகுதான் இவள் சாப்பிடுவாள். பாரிஸுக்குப் பக்கத்தில், பியர்ஃபித்தில் எங்கள் வீட்டுப் பல்கனியில் சோறு வைத்தால், காகம் கதவைத் தட்டாத குறையாக வந்து நிற்கும். இங்கே ஒரு முந்திரிகை இலையில், அதுதான் திராட்சை இலையில், சோற்றை வைத்து மதிலில் வைத்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் தோட்டம். ஒரு காகம் கிட்ட வரும்... டமார்! பறந்துவிடும். திரும்ப வரும்... டமார்!

மத்தியானம் தாண்டிவிட்டது. அடுப்புச் சூட்டில் அவளுடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

"வதனி, கொஞ்சமாவது சாப்பிடுமன். சாமி கோவிக்காது."

"காகம் தொடாமல் நான் தொடமாட்டன். நீங்கள் சும்மா இருங்கோ."

அந்த நேரம் பார்த்து மிஷேல் வந்தார். சாப்பாடு எப்படி என்று சோதிக்கத்தான் வந்திருப்பார். கதிரையில் தலையைப் பிடித்தபடி இருந்த வதனியைக் கண்டு, சுகமில்லையா என்று கேட்டார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! எனக்குத் தெரிந்த பிரெஞ்சிலெல்லாம் பொரிந்து தள்ளினேன். இவள் விடியற்காலையிலிருந்து பட்டினி, உங்கள் மிசின்தான் காரணம், காகம் சாப்பிடாமல் இவள் சாப்பிடமாட்டாள் என்று.

அவர் மதிலைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். திரும்பி நடந்துவிட்டார். சரி, எங்களைக் கிளப்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெடிச்சத்தம் நின்றது.

அந்த மிசின் அவருடையதுதானாம். கடைசியாக வெட்ட விட்டுவைத்த குலைகள் இன்னும் கொடியில் தொங்கின. வருடம் முழுக்கக் காகத்தோடு மல்லுக்கட்டுகிற மனிதன், தானே தோட்டத்துக்கு ஏறிப்போய் அதை நிறுத்திவிட்டு வந்து எங்களோடு நின்றார். என்ன விஷயம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னார். மெல்ல மெல்லச் சதுக்கத்துச் சனம் எங்கள் மூலைக்கு வந்து, மூச்சுக் காட்டாமல் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றது.

வந்தது.

தலையைச் சரித்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. பிறகு ஒரு கொத்து... இன்னொரு கொத்து...

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்! வதனி அழுதுகொண்டே சிரித்தாள். மிஷேல் ஒரு வடையை எடுத்துக் கடித்தார், மென்றார், விறுவிறுவென்று தன் கடைக்குப் போய் ஒரு வெள்ளை வைன் போத்தலோடு வந்தார். "இதற்கு இதுதான்!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். பிறகென்ன, மா வழித்துத் துடைத்த சட்டி மட்டும்தான் மிச்சம். மறுநாள் ரோல்ஸுக்கு நாங்கள் அடுப்பு மூட்ட முதலே வரிசை!

இன்றைக்கு லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் வதனியின் பெயரிலேயே கடை இருக்கிறது. திருவிழாவில் எங்கள் இடம் சதுக்கத்தின் நடுவில். எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சில் பேசி விற்க, நாங்கள் பொரிக்கிறோம். ஆனாலும் அந்தக் குப்பைத்தொட்டி மூலையைக் கடக்கும்போது ஒருதரம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

ஒவ்வொரு தைக்கும் லா சப்பல் கலண்டர் ஒன்று மிஷேலுக்குப் போகும். வைன் நிலவறையில், பீப்பாய்களுக்கு மேலே, முருகன் படத்தோடு தொங்குகிறது.

போன வருடத் திருவிழாச் சனியன்று, நெடுஞ்சாலை நெரிசலில் நாங்கள் போய்ச் சேரவே பின்னேரமாகிவிட்டது. காகத்துக்குச் சோறு வைக்க நேரம் போய்விட்டதே என்று வதனிக்குப் பதற்றம். ஓடிப்போய்ப் பார்த்தால் மதிலில் முந்திரிகை இலை, அதில் சோறு. பக்கத்துக் கதிரையில் மிஷேல். காலடியில் திறக்காத போத்தல்.

"நீங்கள் இன்னும் சாப்பிடவில்லையா?" என்று கேட்டேன்.

உஸ்ஸ் என்று வாயில் விரலை வைத்து, மதிலைக் காட்டினார்.

"இன்னும் வரவில்லை."