அலமாரி ஒழித்த போகி

எங்கள் வீட்டில் புத்தகத்தின் மேல் கால் படுவது பெரிய குற்றம். சட்டம் போட்டவரும் அப்பாதான், தீர்ப்புச் சொல்பவரும் அவர்தான். பாடப் புத்தகம் என்றில்லை, கூடத்தில் விரித்துக் கிடக்கும் செய்தித்தாள், பருப்பு மடித்து வந்த காகிதம், எதுவானாலும் எழுத்து இருந்தால் போதும். ஒருமுறை பவானிபூர் கடைத்தெருவில் கீழே கிடந்த ட்ராம் டிக்கெட்டை மிதித்துவிட்டேன். அப்பா அங்கேயே என்னை நிறுத்தி, குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் செய்தார். மிட்டாய்க் கடையில் சந்தேஷ் வாங்க நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அதில் இருந்தது வங்காள எழுத்து, நம் எழுத்துகூட இல்லை என்று முனகினேன். "எந்த பாஷையா இருந்தா என்ன, சரஸ்வதிக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

அப்படிப்பட்ட அப்பாவை ஒரு போகியன்று விடியற்காலையில் மொட்டை மாடியில் பார்த்தது இன்றும் எனக்கு ஆறவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. எழுபதுகள் தொடங்கியிருந்தன.

காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தவர் அப்பா. சணல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. வீட்டில் அவர், அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மாமா ஜாதவ்பூரில் இன்ஜினியரிங் படிக்க வந்து எங்களோடு தங்கியிருந்தார். வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியோடுதான் வந்தார். மூன்றாம் வருஷத்துக்குள் அம்மாவின் கண்ணாடி பீரோவில் பாதி அவருடையதாகிவிட்டது. வங்காளி பேசக் கற்றார், பிறகு படிக்கக் கற்றார், அதன் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. அம்மாவின் பட்டுப் புடவைக்குப் பின்னால் புத்தகம், அப்பாவின் குளிர்காலக் கோட்டுக்கு அடியில் புத்தகம், ஊறுகாய் ஜாடி வைக்கும் பரணிலும் புத்தகம். அம்மா வாரத்துக்கு ஒருமுறை, "இதையெல்லாம் ஒழிச்சாத்தான் இந்த வீடு வீடா இருக்கும்" என்பாள். அப்பாதான் மாமாவின் பக்கம் நிற்பார். "புத்தகம்தானே, சோறா கேக்குது?" என்பார்.

மாமாவுக்கு வங்காளி படிக்கச் சொல்லிக்கொடுத்தது கீழ்வீட்டு அண்ணன். எனக்கும் அவர்தான் கற்பித்தார். பள்ளிக்கூடத்தில் வங்காள எழுத்தில் நான் திணறியபோது, படிக்கட்டில் உட்கார்த்தி வைத்துக் கையைப் பிடித்து எழுதவைத்தவர். அவருடைய அம்மாவை நான் மாஷிமா என்று கூப்பிடுவேன். வங்காளத்தில் அம்மாவின் அக்கா தங்கை முறையாகிறவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். மாஷிமாவுக்கு அவர் ஒரே பிள்ளை. எங்கள் பொங்கலும் அவர்களுடைய பௌஷ் சங்கராந்தியும் ஒரே நாளில் வரும். எங்கள் வீட்டு சர்க்கரைப் பொங்கல் கீழே போகும், அவர்கள் வீட்டு பிட்டே மேலே வரும். தேங்காயும் வெல்லமும் அடைத்த அந்தப் பலகாரத்துக்காகவே நான் சங்கராந்தியை எதிர்பார்த்திருப்பேன்.

அந்த வருஷம் சங்கராந்திக்கு ஒரு வாரம் இருக்கும்போது போலீஸ் வந்து கீழ்வீட்டு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனது. ஊரே அப்படித்தான் இருந்தது அப்போது. புரட்சிக்காரன் என்று சந்தேகம் வந்தாலே பிடித்துப் போவார்கள், காலேஜ் படிக்கும் பையன் இருக்கிற வீடுகளில் எல்லாம் பயம். நானும் அம்மாவும் வராந்தாவிலிருந்து பார்த்தோம். அண்ணனை வண்டியில் ஏற்றியது எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை, ஏதோ கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். நான் அதிர்ந்துபோனது அதற்கு அடுத்து நடந்ததில்தான். அவருடைய புத்தகங்களை வாரி வாரிச் சந்தில் கொட்டினார்கள். பூட்ஸ் காலாலேயே தள்ளிச் சாக்குகளில் அள்ளினார்கள். ஒருவர்கூடக் குனிந்து தொட்டு ஒற்றிக்கொள்ளவில்லை. அதை அப்பாவிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று சாயங்காலம்வரை காத்திருந்தேன். சொன்னபோது அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"உன் தம்பி எப்போ வர்றான்?" என்றார்.

மாமா ஜாம்ஷெட்பூரில் இருந்த ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். பொங்கலன்று வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அதுக்குள்ள வீட்டை ஒழிச்சிடணும்" என்றார் அப்பா.

அம்மா வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்த வரம் அது. அம்மாவின் முகத்தில் கொஞ்சம்கூடச் சந்தோஷம் இல்லாதது எனக்கு விசித்திரமாக இருந்தது.

புத்தகங்களை எடைக்குப் போடலாம் என்றால், பழைய பேப்பர்காரன் அவற்றை எங்கே கொண்டுபோவான், யாரிடம் காட்டுவான் என்று பயம். கங்கையில் போடலாம் என்றால், பையோடு அவ்வளவு தூரம் போக முடியாது. வழியில் நிறுத்திச் சோதிப்பார்கள். கடைசியில் அப்பாவுக்குப் போகி நினைவுக்கு வந்தது. கல்கத்தாவில் நாங்கள் போகி என்று ஒன்றைக் கொண்டாடியதே இல்லை. அம்மா பேருக்கு ஒரு பழைய துடைப்பத்தைக் கொளுத்துவாள், அவ்வளவுதான். இந்த வருஷம் நம் ஊரில் செய்வது போல விமரிசையாகச் செய்யவேண்டும் என்று அப்பா சொன்னதும் நான் குதித்தேன்.

அலமாரி ஒழிக்கும் வேலை கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கியது. முதலில் பழைய பஞ்சாங்கங்கள், சாமி படம் போட்ட காலண்டர்கள், கிழிந்த தலையணை, ஓட்டை முறம். இவையெல்லாம் மேலே வைக்க. அடியில் போகவேண்டியவை மாமாவின் புத்தகங்கள். இங்கேதான் ஒரு சிக்கல். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வங்காளி படிக்கத் தெரியாது. எந்தப் புத்தகம் ஆபத்து, எது சாது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் வீட்டில் நான்தான்.

எனக்கு நாற்காலி போட்டார்கள். அதுவரை யாரும் எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. அப்பா ஒவ்வொன்றாக எடுத்து அட்டையைக் காட்டுவார். நான் எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழில் சொல்வேன். நதி என்றால் இருக்கட்டும் என்பார். மக்கள் என்றால் எரிக்கிற குவியலில் போடுவார். ஒரு அட்டையில் மண் என்று இருந்தது.

"மண்ணுன்னா? கட்டடம் கட்டுற மண்ணா?"

"மண்ணு கோவமா இருக்குன்னு போட்டிருக்குப்பா."

"அப்ப எரிக்கிறதுல போடு."

ரத்த ஓட்டத்தைப் பற்றி நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு வைத்தியப் புத்தகம் இருந்தது. ரத்தம் என்ற சொல்லைக் கேட்டதுமே அதன் கதை முடிந்தது. ஆங்கிலம் அப்பாவுக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அவர் ஆங்கிலத்தையும் நம்பவில்லை. மாமாவின் பாடப் புத்தகம் ஒன்றில் எஞ்சினுக்குள் எரிபொருள் வெடிப்பதைப் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். அதை வெகுநேரம் கையில் வைத்து யோசித்துவிட்டு, "எதுக்கு வம்பு" என்று அதையும் போட்டார்.

பிறகு அப்பா தன்னுடைய புத்தகத்தையே எடுத்தார். அது தாத்தா கொடுத்த பக்திப் பாட்டுப் புத்தகம். சிவப்புக் காலிகோ அட்டை. தினமும் காலையில் குளித்துவிட்டு அதில் ஒரு பக்கம் படித்த பிறகுதான் அவர் காப்பி குடிப்பார்.

"அது சாமி பாட்டுங்க" என்றாள் அம்மா.

"எனக்கும் உனக்கும் தெரியும். வர்றவனுக்குத் தமிழ் தெரியுமா? சிகப்புதான் தெரியும்."

அம்மா அதைப் பறித்து மார்போடு வைத்துக்கொண்டாள். அவள் அப்பாவை எதிர்த்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். கடைசியில் ராஜியானார்கள். அப்பா பிளேடால் அட்டையை மட்டும் அறுத்தெடுத்தார். மீதிப் புத்தகம் தைத்த நூல் தெரிய, தோலுரித்தது போலப் பூஜை அலமாரிக்குத் திரும்பியது. அப்பா காலமாகும்வரை அது அப்படியேதான் இருந்தது, வேறு அட்டை போட அவர் விடவில்லை.

போகியன்று விடியும் முன்பே எல்லாவற்றையும் பழைய பாயில் சுருட்டி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். பல்லைக் கிட்டவைக்கும் குளிர். சந்திலிருந்து கரி அடுப்புகளின் புகை ஏறத் தொடங்கியிருந்தது. ஊரில் போகிக்குச் சிறு மேளம் அடிப்பார்கள். கல்கத்தாவில் மேளத்துக்கு எங்கே போவது? அப்பா ஒரு காலி பிஸ்கட் டின்னையும் மத்தையும் என் கையில் கொடுத்தார். "நல்லா சத்தமா அடிக்கணும். பண்டிகைன்னு எல்லாருக்கும் தெரியணும்" என்றார். இத்தனை நாள் சத்தம் போடாதே என்று சொன்ன மனுஷன் சத்தம் போடச் சொல்கிறாரே என்ற ஆனந்தத்தில் வெளுத்து வாங்கினேன்.

பாய் எரிந்தது, தலையணை எரிந்தது. புத்தகங்கள் எரியவில்லை. கெட்டி அட்டைப் புத்தகம் லேசில் எரியாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஓரம் மட்டும் கருகி, மூடியபடியே நெருப்பில் கிடந்தது. கிழக்கு வெளுக்க ஆரம்பித்துவிட்டது. அப்பா ஒரு குச்சியால் புத்தகங்களை வெளியே இழுத்தார். ஒன்றைத் தரையில் போட்டார். அதன் அட்டையின் மேல் தன் வலது காலை ஊன்றினார். இரண்டு கையாலும் பக்கங்களைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்.

என் கை நின்றுவிட்டது. அவர் குனிந்து தொட்டு ஒற்றிக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் அடுத்ததை எடுத்தார். மறுபடியும் கால். மறுபடியும் கிழிக்கும் சத்தம். சரஸ்வதி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அப்பாவுக்கு இனிமேல் ஒரு எழுத்துகூடக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று பயந்து, அவருக்குப் பதிலாக நானே தொட்டு ஒற்றிக்கொள்ள ஓடினேன்.

"அங்கேயே நில்லு. டின்னை அடி" என்றார். அது அப்பாவின் குரல் மாதிரியே இல்லை.

அப்போதுதான் மாஷிமா மாடிப்படி ஏறி வந்தாள். எங்கள் சந்தில் அந்த நாட்களில் காகிதம் எரியும் வாசனை வந்தால் யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. இது அப்பாவுக்குத் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். போகியைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஊரில், மேளம் கொட்டிப் புத்தகம் எரித்துக்கொண்டிருந்தோம்.

அப்பா காலை எடுக்கவும் மறந்து நின்றார். "தியோஹார்... ஹமாரா தியோஹார்" என்று பண்டிகையை இந்தியில் சொல்லித் தடுமாறினார்.

"ஜானி" என்றாள் மாஷிமா. தெரியும் என்று அர்த்தம்.

அவள் அப்பாவின் காலடியைப் பார்த்தாள். அருகில் வந்து உட்கார்ந்தாள். அப்பா காலை எடுத்தார். கிழிந்தும் கிழியாமலும் இருந்த அந்தப் புத்தகத்தை எடுத்துச் சாம்பலைத் தட்டி முதல் பக்கத்தைத் திறந்தாள். அதில் மசியால் கீழ்வீட்டு அண்ணனின் பெயர் எழுதியிருந்தது. என் கையைப் பிடித்து எழுதவைத்த அதே கையெழுத்து. நாங்கள் பார்த்தது அட்டைகளை மட்டும்தான், ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. மாமா வைத்திருந்த வங்காளப் புத்தகங்களில் பெரும்பாலானவை அண்ணன் படிக்கக் கொடுத்தவை. கீழ்வீட்டில் இருந்ததையெல்லாம் சாக்கில் அள்ளிப் போய்விட்டார்கள். அவர் கை பட்டவற்றில் மிஞ்சியவை எங்கள் வீட்டு பீரோவில் இருந்தவைதான்.

எங்களைத் தேடி எந்தப் போலீஸும் கடைசிவரை வரவில்லை. மாமாவை அப்பா ஹௌரா ஸ்டேஷனிலேயே மறித்து மதராஸ் மெயிலில் ஏற்றி அனுப்பிவிட்டார். மாமா ஊரிலேயே படிப்பை முடித்து, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டார். பீரோவில் அவர் தட்டு காலியானபோதும் அம்மா அங்கே ஒரு புடவையைக்கூட வைத்ததில்லை. கீழ்வீட்டு அண்ணன் திரும்பி வரவேயில்லை. அந்தக் காலையில் இதெல்லாம் எங்கள் யாருக்கும் தெரியாது. மாஷிமாவுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

அவள் அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். வெகுநேரம் அதைக் கண்ணைவிட்டு எடுக்கவில்லை. பிறகு பெயர் இருந்த பக்கத்தை மட்டும் மெதுவாகக் கிழித்து மடித்து, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். மீதியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துத் தன் கையாலேயே நெருப்பில் வைத்தாள். அடுத்த புத்தகத்தை எடுத்தாள். அதையும் அப்படியே செய்தாள். அப்பா கிழிக்க வேண்டியிருக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எதிர் மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். மாஷிமா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "தாம்லி கேனோ, மா? பாஜா" என்றாள். ஏன் நிறுத்திவிட்டாய், அடி என்கிறாள்.

அடித்தேன். முன்னைவிடப் பலமாக அடித்தேன். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அப்பா செய்த பாவத்துக்கு மாஷிமா கண்ணில் ஒற்றிக் கணக்கைத் தீர்த்துவிட்டாள், அதுவும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியாக. இனி சரஸ்வதிக்குக் கோபம் இருக்காது.

நெருப்பு அடங்கி நாங்கள் கீழே இறங்கியபோது எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. மாஷிமா எங்களுக்கு முன்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். "பாத்தியாம்மா, அவங்களும் நம்மளை மாதிரியேதான், புத்தகம் மிதிபட்டா கண்ணுல ஒத்திக்கிறாங்க" என்று உரக்கச் சொன்னேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். நான் சரியாகத்தானே சொன்னேன் என்று அந்தக் கைக்குள்ளேயே முணுமுணுத்தேன்.