ஆளுக்கு நாலு பிள்ளை

1978 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். மலேசியாவின் ஈப்போவில் தூறல். குடியுரிமை அலுவலகத்து வெளிப் பெஞ்சில் நாங்கள் எட்டுப் பேர். ஏழு பேர் பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள், நான் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். ஏழு பேருக்கும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. தோட்டம் கைமாறிவிட்டது. ஆகஸ்டு முடிவதற்குள் குடிமக்களின் நீல அட்டையைக் காட்டாதவர்களுக்கு வேலையும் இல்லை, தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் வீடும் இல்லை என்று புதிய நிர்வாகம் சொல்லிவிட்டது. நீல அட்டை வேண்டுமென்றால் மலாய் மொழியில் நடக்கும் நேர்முகத்தில் தேற வேண்டும்.

எட்டாவது ஆள் நான், துணைக்கு வந்தவன்; பக்கத்து ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலைக் கிராணி, அதாவது எழுத்தர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே அலுவலகத்து நேர்முக அறையில் தேறியவன். அன்று கேட்ட முப்பத்தோரு கேள்விகளையும் என் பதில்களையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். யாருக்கும் காட்டவில்லை. நான் பட்ட பாட்டை மற்றவர்களும் படட்டுமே என்று நினைத்தேன். தெரிந்ததை ஒளித்து வைக்கிற கிறிஸ்தவன் பிறர் வீட்டில் திருடுகிறான் என்று போதகர் ஒரு ஞாயிறு பிரசங்கித்தபோதுதான் எனக்கு வியர்த்தது. அடுத்த ஞாயிறே கார்பன் தாள் வைத்து எழுதிய ஏழு படிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர்களோடு நான் நின்றது எட்டு நிமிடம்.

"தம்பி, இதுல உள்ள மாதிரியே சொல்லணுமா?" என்று ஓர் அக்கா கேட்டார். ஐம்பது வயது, கணவரை இழந்தவர், பிள்ளையில்லாதவர்.

"ஒரு எழுத்து மாறக்கூடாதுக்கா" என்றேன்.

எழுத்து மாறவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று அதிகாரி கேட்டதற்கு ஏழு பேரும் என் பதிலையே ஒப்பித்தார்கள்: "எம்பாட்." நாலு. நாலு பிள்ளை எனக்குத்தான்; அவர்கள் விண்ணப்பத்தில் ஒவ்வொருவருக்கும் வேறு எண்ணிக்கை. மூன்றாவது ஆள் வரைக்கும் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. கடைசியில் அதிகாரி ஏழு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டு, எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டது வெளியே எனக்குக் கேட்டது. நான் உள்ளே போய் ஒப்புக்கொண்டேன். அவர் ஏசவில்லை. செப்டம்பரில் மறுபடி வாருங்கள் என்று ஏழு தாளிலும் எழுதினார்.

செப்டம்பர். ஆகஸ்டுக்கு அடுத்த மாதம்.

"கிராணியாரே, ஒரே காலையில ஆளுக்கு நாலு புள்ள பெத்துக் குடுத்திட்டீங்க லா!" என்றார் அவர்களில் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

"ஆனாக்னா புள்ளைன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கா?" என்று கத்தினேன்.

"தெரியும் தம்பி. பரீட்சைக்கு அதான் சரியான பதில்னு நெனச்சேன்." தாளை மடித்துக்கொண்டே, "சொல்றப்ப வாய்க்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அதன்பின் இருபத்து நான்கு ஞாயிறுகள் பீடோருக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் அவரவர் வாழ்க்கையையே மலாயில் சொல்ல வைத்தேன். நடுவில் மூன்று முறை தோட்ட மானேஜரைப் பார்த்து ஒரே ஒரு மாதம் தவணை கேட்டேன். மூன்றாம் முறை அவர் நாற்காலியைக்கூடக் காட்டவில்லை. இரவில் படுத்தால், அந்த எட்டு நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கியிருந்தால் என்று மனம் ஓயாமல் கணக்குப் போடும். ஜெபிக்க வாய் வராது.

செப்டம்பரில் ஏழு பேரும் தேறினார்கள். ஆகஸ்டு கடைசி நாளே லயத்து வீடுகளைப் பூட்டிவிட்டார்கள். ஆறு பேர் சொந்தக்காரர்களிடம் போனார்கள். போக்கிடம் இல்லாத அக்காவுக்கு ஆயர் தாவாரில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தேன். செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் அவருக்கு வேலை கிடைக்க எட்டு மாதமாயிற்று.

பஸ் கூலி நூற்றைந்து வெள்ளி அறுபது காசு. எட்டு மாத அறை வாடகை நூற்றிருபது வெள்ளி. ஆக, அந்த எட்டு நிமிடத்துக்கு என் கையிலிருந்து போனது இருநூற்று இருபத்தைந்து வெள்ளி அறுபது காசு.