உப்பு ஏறாத நாக்கு

தூக்குவாளியில் வந்த பள்ளிவாசல் கஞ்சியை முதல் மடக்கு குடித்ததும் அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தொண்டை எரிகிற உப்பு. காய்ச்சியவர் என் பெரியத்தா, அத்தாவின் அண்ணன். திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் கல்யாணமென்றால் பிரியாணிக் கிடாரத்தின் முன்னால் நிற்கிற பண்டாரி அவர்தான். மசாலாவில் முன்னேபின்னே இருக்கலாம், உப்பில் அவர் பிசகி நாங்கள் கண்டதே இல்லை.

நோன்பு மாதத்தில் அவர் எதையும் ருசி பார்க்க மாட்டார். நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம் என்று பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்தே சொல்லியும் கேட்கவில்லை. மாலையில் நோன்பு திறக்கும்போது குடித்த கஞ்சியை மனதில் வைத்து மறுநாள் உப்பை அளப்பார். அந்த வருடம் பத்து நோன்பு கழிந்ததிலிருந்து கஞ்சி அவருக்குச் சப்பென்றே இருந்திருக்கிறது. தினம் ஒரு கை கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். அவர் மேலுள்ள மரியாதைக்காக ஊர் வாயை மூடிக்கொண்டு குடித்திருக்கிறது.

மறுநாள் போய்க் கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாக்குல ஒண்ணுமே ஏறல தாயி. யார்ட்டயும் சொல்லிராத, ஒங்க பெரியம்மாட்டயும் மூச்சு விட்றாத. பெருநா கழிஞ்சு பத்தாம் நாளு தங்கச்சி கல்யாணம். அது முடியட்டும்" என்றார். வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் திரிந்த பால் போல வெள்ளை வெள்ளையாய் அப்பியிருந்தது. ஒரு காலத்தில் பீடி குடித்தவர் அல்லவா, புற்றுநோய் என்று தாமே முடிவுகட்டியிருந்தார். கடைசி மகளுக்குத் தன் கையால் கல்யாணச் சோறு ஆக்கிவிட்டு அப்புறம் சாகலாம் என்பது கணக்கு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள் வீட்டில் இருக்க, இப்படியா ஒரு மனிதர் பயந்து சாவது?

எங்கள் ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போனேன். டாக்டர் அந்த வெள்ளையைச் சுரண்டிக் கொடுத்தார். கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் நானே பார்த்தேன். அரும்பு விட்ட உருண்டைகள், நீள நீளமான இழைகள். கேண்டிடா என்னும் ஈஸ்ட் பூஞ்சை. பெரியத்தாவின் பழைய இளைப்பு நோய் டாக்டருக்குத் தெரியும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "இளைப்புக்கு மருந்து இழுத்ததும் வாய் கொப்பளிக்கிறீங்களா?"

"பதினொரு மாசமும் கொப்பளிப்பேன் டாக்டர். நோன்புலதான் முடியல. பகலெல்லாம் தாங்கட்டும்னு விடியுமுன்ன சஹர் சாப்பாடு முடியிற கடைசி நிமிசத்துல இழுப்பேன். உடனே பாங்கு சொல்லிருவாங்க. அப்புறம் எப்படித் தண்ணிய வாய்ல விட?"

அவ்வளவுதான் விஷயம். இழுக்கிற ஸ்டீராய்டு மருந்து வாயில் தங்கிவிட்டது. பகல் முழுவதும் வறண்ட வாய், போதாததற்கு வயது. இந்தப் பூஞ்சை நிறையப் பேர் வாயில் சத்தமில்லாமல் இருப்பதுதான். உடம்பின் காவல் எங்கே தளர்கிறதோ அங்கே பெருகிவிடும். புற்றுநோய் இல்லை, மருந்து தடவினால் சரியாகிவிடும், சஹருக்கு முன்பே இழுத்துக் கொப்பளித்துவிடுங்கள் என்றார் டாக்டர். பெரியத்தா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, "அப்ப நான் பட்டினி கெடந்த நேரமெல்லாம் அது மட்டும் உக்காந்து தின்னுருக்கு" என்றார். இருவரும் சிரித்தோம். அவர் போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன. இன்றும் லேபில் அந்த உருண்டைகள் கண்ணில் பட்டால் அந்தக் குரல்தான் கேட்கிறது. சிரித்துக்கொண்டேதான் ரிப்போர்ட் எழுதுகிறேன்.

தங்கச்சி கல்யாணத்துக்கு அய்யலூர்ச் சந்தையில் அவரே கிடாய் பார்த்து வாங்கினார். வெள்ளை போய்விட்டது. ஆனால் ருசி முழுதாகத் திரும்பியதா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றினார். கல்யாணத்தன்று காலை கறி வெந்ததும், அரிசி போடுமுன் குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். கண்ணை மூடினார்.

"ஏலே, உப்பு யாருலே போட்டது? ஒரு கை கம்மி."

உதவிக்கு நின்றவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். பெரியம்மா மெதுவாக அருகே வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு கை உப்பை அவர் உள்ளங்கையில் கொட்டினார்.

"அளந்து வச்ச உப்புல நாந்தான் ஒரு கை எடுத்து வச்சேன். உங்க நாக்கு வந்துருச்சான்னு எனக்குத் தெரிய வேணாமா?"